வீரசோழன் ஆதுலர் சாலை: சம்பளப் பட்டியலில் விட்டுப்போனவர்கள்

வீரராஜேந்திர சோழருக்கு இரண்டு பழக்கங்கள் இருந்தன. ஒன்று, சாளுக்கியரைத் தோற்கடிப்பது. மற்றொன்று, தோற்கடித்ததைக் கல்லில் வெட்டிவைப்பது. இரண்டாவதில்தான் அவருக்கு ருசி அதிகம் என்பது என் சந்தேகம். திருமுக்கூடல் பெருமாள் கோவிலில் நோயாளிக்கு எத்தனை நாழி அரிசி என்று எழுத வேண்டிய கல்லில்கூட, முதலில் தம் போர்களையெல்லாம் ஒப்பித்துவிட்டுத்தான் அரிசிக்கு வருகிறார். அந்தக் காலத்தில் கல்தச்சனுக்கு எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசியிருந்தால் சோழநாடு பாண்டியர் வருவதற்கு முன்பே திவாலாகியிருக்கும்.

போகட்டும். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற அந்த இடத்தில், அவருடைய ஐந்தாம் ஆட்சியாண்டில், அதாவது 1067-68 வாக்கில், ஒரு வேதக் கல்லூரியும் விடுதியும் மருத்துவமனையும் நடந்தன. மருத்துவமனையின் பெயர் வீரசோழன் ஆதுலர் சாலை. படுக்கை 15. ஒரு வைத்தியர்: கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். ஆண்டுச் சம்பளம் 90 கலம் நெல்லும் 8 காசும். அறுவைச் சிகிச்சை செய்கிறவருக்கு 30 கலம் நெல். ஆம், மூன்றில் ஒரு பங்குதான். இன்றைய சர்ஜன்கள் இந்த வரியைப் படித்துவிட்டு ஒரு நிமிடம் உட்கார்ந்து எழுந்திருக்கலாம். பச்சிலை பறித்து, விறகு சேர்த்து, மருந்து காய்ச்ச இருவர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர், ஒரு நாவிதர், தண்ணீருக்கு ஒருவர். இரவெல்லாம் எரிய ஒரு விளக்கு. நோயாளி ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. விடுதி மாணவர்களின் சனிக்கிழமைத் தலைமுழுக்குக்கு எண்ணெய்கூடக் கணக்கில் இருக்கிறது.

இவ்வளவு நுணுக்கமாக எழுதிய கணக்குப்பிள்ளை, அந்தக் கட்டடத்தில் குடியிருந்தவர்களில் பெரும்பாலோரை எழுதாமலே விட்டுவிட்டார். 15 நோயாளிகளின் வயிற்றிலும் இருந்த பாக்டீரியாக்களைச் சொல்கிறேன். ஓர் ஆளுக்குள் சுமார் 38 லட்சம் கோடி என்பது இன்றைய மதிப்பீடு. அதில் ஈ. கோலை என்ற இனம் நூற்றில் ஒன்றுகூடத் தேறாது. ஆனாலும் இந்தக் கதைக்கு அதுதான் கதாநாயகன். மற்றவை ஆய்வுக்கூடத்தில் வளர அடம்பிடிக்கும். இது எதைக் கொடுத்தாலும் தின்று, 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். 1885இல் ஜெர்மானியக் குழந்தை மருத்துவர் தியோடர் எஷெரிக் கண்டெடுக்கும் வரை அதற்குப் பெயரே கிடையாது. ஆகவே கணக்குப்பிள்ளையை மன்னிப்போம்.

கிருமிகளுக்கு அந்தக் கால அரசியலில் பங்கே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. கூடல்சங்கமத்தில் போருக்கு வா என்று சாளுக்கிய மன்னன் ஆகவமல்லன் ஓலை அனுப்பினான். வீரராஜேந்திரர் போய் ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்தார். அழைத்தவன் வரவேயில்லை. கடைசியில் அவனைப் பொம்மையாகச் செய்து அவமானப்படுத்தி மனத்தைத் தேற்றிக்கொண்டார். மெய்க்கீர்த்தியே இதை வெற்றியாகச் சொல்கிறது. வராத காரணத்தை அந்தப் பக்கத்துக் கவிஞர் பில்ஹணர் எழுதியிருக்கிறார்: மன்னனுக்குத் தீராத காய்ச்சல். 1068இல் அவன் துங்கபத்திரையில் இறங்கி உயிரை விட்டான். எந்தக் கிருமியின் திருப்பணி என்று சொல்ல இன்று வழியில்லை. எதுவாயிருந்தாலும் அது மெய்க்கீர்த்தி வெட்டிக்கொள்ளவில்லை.

இனி விஷயத்துக்கு வருவோம். சோழ அரசாங்கத்தில் ராஜா ஒன்று சொன்னால் உடனே நடந்துவிடும் என்று சரித்திர நாவல்களைப் படித்து நம்பியிருக்கிறோம். அரியணையிலிருந்து உதிர்ந்த வார்த்தை முதலில் திருவாய்க்கேள்வி. அதை ஓலை எழுதுவான் எழுத வேண்டும். ஓலைநாயகம் ஒப்பவேண்டும். பிறகு புரவுவரித் திணைக்களம், வரிப்பொத்தகம், முகவெட்டி, கீழ்முகவெட்டி, பட்டோலை என்று ஒரு ஊர்வலம். திருமுக்கூடல் கோவிலுக்கு வருமானம் தந்த வயலைக்காவூர்ச் சமாசாரமும் இந்த வழியாகத்தான் கல்லுக்கு வந்து சேர்ந்தது. யாராவது ஒருவர் வெற்றிலை போடப் போயிருந்தால் 15 பேர் கஞ்சிக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

அந்தப் 15 பேரின் குடலிலும் இதே நிர்வாகம் நடந்துகொண்டிருந்தது. ஈ. கோலையின் மரபணுக்கள் ஏறக்குறைய 4,300. எல்லாவற்றையும் எப்போதும் நடத்திக்கொண்டிருந்தால் கஜானா காலி. எனவே எந்த ஓலை எப்போது பிரிய வேண்டும் என்று முடிவு செய்யவே சுமார் 300 புரதங்கள் அதிகாரிகளாக உட்கார்ந்திருக்கின்றன. மைக்ராஸ்கோப்பில் ஒரு கோடாகத் தெரிகிற பிராணிக்கு 300 அதிகாரிகள்!

இதை முதலில் மோப்பம் பிடித்தவர் பாரிசில் ழாக் மோனோ. 1940 வாக்கில், ஊரெல்லாம் ஜெர்மன் பூட்ஸ் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது, அவர் பாக்டீரியாவுக்கு இரண்டு சர்க்கரைகளைக் கலந்து பரிமாறினார். அவை குளுக்கோஸ் தீரும் வரை அதை மட்டுமே தின்றன. பிறகு கொஞ்ச நேரம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தன. அதன் பிறகே அடுத்த சர்க்கரையைத் தொட்டன. கல்யாண வீட்டில் லட்டு தீர்ந்தபின்தான் பொரியலைப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. ஆனால் நடுவில் அந்த இடைவெளி ஏன் என்று யாரும் கேட்டதில்லை. மோனோ கேட்டார். கேட்டுவிட்டு, தலைமறைவு எதிர்ப்பு இயக்கத்துக்குப் போய்விட்டார். உயிரோடு திரும்பியது நம் அதிர்ஷ்டம்.

பிரான்சுவா ழாக்கோபின் கதை வேறு. அவர் சர்ஜனாக வேண்டும் என்று மருத்துவம் படித்தவர். 1944இல் நார்மண்டியில் குண்டுச் சிதறல் உடம்பைத் துளைத்ததில் அந்தக் கனவு போயிற்று. (30 கலம் நெல்தானே, போகட்டும் என்று அசுவத்தாம பட்டன் தேற்றியிருப்பார்.) பாஸ்டர் நிறுவனத்தின் பரண்மாடியில் நீண்ட தாழ்வாரத்தின் ஒரு கோடியில் மோனோ சர்க்கரையோடும், மறு கோடியில் ஆந்திரே லுவோஃப், ழாக்கோப் ஆகியோர் வைரஸோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். 1958 கோடையில் ஒருநாள் ழாக்கோப் மனைவியோடு சினிமாவுக்குப் போனார். படம் ஓடியது, அவர் பார்க்கவில்லை. பாக்டீரியாவுக்குள் வைரஸ் தூங்குவதும் பால் சர்க்கரை மரபணு தூங்குவதும் ஒரே சங்கதிதான், இரண்டின் மேலும் யாரோ ஒருவர் கையை வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறார் என்பது இருட்டில் உறைத்தது. பாவம், அந்த அம்மாள் எந்தப் படத்தை நிம்மதியாகப் பார்த்திருப்பார்! 1961இல் கட்டுரை, 1965இல் மூவருக்கும் நோபல்.

அந்தக் கட்டுரையின்படி, பால் சர்க்கரையைச் செரிக்கும் மரபணுக்களின் வாசலில் ஓர் அடக்கி குந்தியிருக்கிறது. பால் சர்க்கரை வந்தால் எழுந்துவிடும். ராஜாவும் ஒரு வாயிற்காப்போனும், அவ்வளவுதான் நிர்வாகம். அழகான கதை. ஆனால் அழகான கதைகளுக்கு நேர்வதே இதற்கும் நேர்ந்தது. காவல்காரன் எழுந்த பிறகும், குளுக்கோஸ் இருக்கும் வரை மரபணு சரியாக ஓடுவதில்லை. குளுக்கோஸ் குறைந்தால்தான் சிஆர்பி என்ற வேறோர் அதிகாரி வந்து ஒப்பம் இடுகிறார். ஒருவர் 'பால் இருக்கிறது' என்று எழுத வேண்டும். இன்னொருவர் 'குளுக்கோஸ் இல்லை' என்று எழுத வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் ஓலை பிரியும். மோனோ பார்த்த அந்த இடைவெளி, இந்த ஒப்பங்கள் வந்து, செரிமானச் சரக்கு தயாராகிச் சேரும் நேரம்.

இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கேட்டால் மரபியலாளர் கூச்சமில்லாமல் சொல்வார். ஓர் அதிகாரி என்ன வேலை பார்க்கிறார் என்று தெரிய வேண்டுமா? அவரைத் தூக்கிவிடு. எந்த வேலை நின்றுபோகிறது, எது அடங்காமல் ஓடுகிறது என்று பார். அடுத்தவரைத் தூக்கு. பிறகு இருவரையும் சேர்த்துத் தூக்கு. சேர்த்துத் தூக்கியபோதும் ஒருவரைத் தூக்கியபோது நடந்ததே நடந்தால், இருவரும் ஒரே வரிசையில் முன்னும் பின்னும் உட்கார்ந்தவர்கள் என்று பொருள். இரண்டு நாசமும் தனித்தனியே கூடினால், வேறு வேறு வாசல்கள். யாரும் எதிர்பாராத மூன்றாவது கூத்து நடந்தால்? அன்றைக்கு ஆய்வுக்கூடத்தில் காபி கூடுதலாகச் செலவாகும். இரண்டு துறைகளுக்கும் உள்ளூர உறவு இருக்கிறது. சோழ அரசை இந்த முறையில் ஆராய யாருக்கும் தைரியம் வந்திருக்காது.

இனி ஆதுலர் சாலையின் மருந்து அலமாரி. கல்வெட்டு 20 மருந்துகளைப் பட்டியல் போடுகிறது. வாசாஹரீதகி, தசமூல ஹரீதகி, பில்வாதி கிரிதம், கல்யாண லவணம், பழைய நெய்யான புராண கிரிதம்... கோமூத்திர ஹரீதகியும் உண்டு. அதை விளக்கிச் சாப்பாட்டு நேரத்தைக் கெடுக்க விரும்பவில்லை. பெரும்பாலும் வேர், பட்டை, காய். தாவரங்களில் பீட்டா குளுக்கோசைடு என்ற வகைப் பொருள்கள் தாராளம்: ஒரு சர்க்கரை, அதன் வாலில் கசப்பாகவோ காரமாகவோ ஏதோ ஒன்று. வில்லோ மரப்பட்டையில் இருக்கிற சாலிசின் இதில் பிரசித்தம்.

இதைத் தின்னும் மரபணுத் தொகுதி ஈ. கோலையிடம் இருக்கிறது. பெயர் பிஜிஎல். வேடிக்கை என்னவென்றால், இயல்பான ஈ. கோலைக்கு அது ஓடாது. முன்னால் சாலிசினைக் கொட்டினாலும் பட்டினி கிடக்கும். ஓலை பெட்டியில் இருக்கிறது. பெட்டிக்கு அரக்கு முத்திரை. முத்திரையை உடைக்க அரசாங்கத்தில் முறையான வழி ஏதும் தென்படவில்லை. ஆனால் அதே தட்டைச் சில நாள் அப்படியே விட்டால், கோடிக்கணக்கானவற்றில் ஒன்றிரண்டு மட்டும் திடீரென்று தின்று கொழுக்கின்றன. என்ன நடந்தது? 1981இல் ஆன்ட்ரூ ரைட்டின் குழு கண்டுபிடித்தது: மரபணுத்தொடரில் இடம்விட்டு இடம் தாவும் ஊர்சுற்றித் துண்டு ஒன்று, போகிற போக்கில் முத்திரையின் மேல் வந்து விழுந்திருக்கிறது. அரசாணை திறக்காததை ஒரு நாடோடி கால் இடறித் திறந்துவிட்டான்.

அந்தக் குழுவிலிருந்த எஸ். மகாதேவன் ரைட்டுடன் சேர்ந்து 1987இல் அடுத்த திரையை விலக்கினார். முத்திரை உடைந்தாலும் ஓலை முழுதாகப் படிக்கப்படுவதில்லை. இரண்டு வரி படித்ததும் 'நிறுத்து' என்று ஒரு தடை வருகிறது. பிஜிஎல்ஜி என்ற புரதம் அந்தத் தடையை விலக்கினால்தான் மேலே படிக்கலாம். அந்தப் புரதத்தைக் கட்டிப்போட்டிருப்பவர் பிஜிஎல்எஃப். இவர் செல்லின் மதில்சுவரில் நின்று சாலிசினை உள்ளே இழுக்கும் சுங்க அதிகாரி. வெளியே சரக்கு இல்லையென்றால் பிஜிஎல்ஜியின் மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டி முடக்கிவைப்பார். சரக்கு வந்ததும் அதைக் கழற்றிவிடுவார். இதற்கும் மேலே, குளுக்கோஸ் விவகாரத்து சிஆர்பியின் ஒப்பமும் வேண்டும். ஒரு மரப்பட்டைச் சர்க்கரையைத் தின்ன இத்தனை வாசல். பிறகு மகாதேவன் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்து இந்த ஒரே தொகுதியோடு பல பத்தாண்டுகள் குடும்பம் நடத்தினார். ஓடாத மரபணுவைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆயுளை ஓட்டலாம் என்பதற்கு அவர் சாட்சி.

அந்த அரக்கு முத்திரையை வைத்தது யார்? இங்கேதான் எனக்குப் பிடித்த கட்டம். சாலிசின்காரர்கள் அந்த அதிகாரியைத் தேடிப் பிடித்து பிஜிஎல்-ஒய் என்று பெயரிட்டார்கள். உப்புத் தண்ணீரில் செல் எப்படிச் சமாளிக்கிறது என்று பார்த்தவர்கள் தங்கள் துறையில் ஒருவரைப் பிடித்து ஆஸ்ம்-இசட் என்றார்கள். ஒட்டிக்கொள்ளும் ரோமங்களை ஆராய்ந்தவர்கள் பில்-ஜி என்றார்கள். சீதபேதி தரும் ஷிகெல்லாவை ஆராய்ந்தவர்கள் விர்-ஆர் என்றார்கள். இன்னும் ஒரு கூட்டம் டிஆர்டி-எக்ஸ் என்றது. ஒவ்வொருவரும் தம் துறைக்கு மட்டும் ஓர் உத்தமமான அதிகாரி கிடைத்துவிட்டதாகப் பெருமிதத்தோடு கட்டுரை எழுதினார்கள். 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் எல்லோரும் வரைபடத்தை எடுத்து ஒப்பிட்டால் எல்லா அம்பும் ஒரே வீட்டைக் காட்டுகிறது! எச்-என்எஸ் என்ற ஒரே புரதம். ஐந்து பெயரில் ஐந்து துறையில் ஐந்து முத்திரை வைத்திருந்த ஒரே ஆள். வரிப்பொத்தகமும் முகவெட்டியும் பட்டோலையும் ஒருவரே என்று தெரிந்தால் வீரராஜேந்திரர் யானையை அவிழ்த்துவிட்டிருப்பார். பாக்டீரியாவில் அவரைத் தூக்கினால் சர்க்கரைப் பெட்டி, உப்புப் பெட்டி, ரோமப் பெட்டி எல்லாம் ஒருசேரத் திறந்துகொள்கின்றன. செல் பிழைத்தாலும் பாடுபடுகிறது.

உப்புப் பெட்டிக்கு நம் பக்கத்து உறவு ஒன்று உண்டு. திருமுக்கூடலுக்கு வருகிற அதே பாலாறு, மேலே வேலூரைத் தொட்டுக்கொண்டு வருகிறது. அங்கே சி.எம்.சி.யில் மருத்துவம் படித்த ஜே. கௌரிசங்கர், ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிட்டு மரபியலுக்குப் போனார். உப்பு ஏறும்போது ஈ. கோலையில் எந்த மரபணுக்கள் விழிக்கின்றன என்று ஹைதராபாத்தில் உட்கார்ந்து தேடி, 1985இல் வெளியிட்டார். அவற்றுள் ஒன்று புரோ-யு. வெளியே உப்பு கூடினால் செல்லிலிருந்து தண்ணீர் ஓடிவிடும். அதைத் தடுக்க புரோலின், பீட்டைன் போன்றவற்றை உள்ளே அள்ளிக்கொள்ளும் பொறி அது. ஆஸ்ம்-இசட்காரர்கள் எச்-என்எஸ்ஸிடம் வந்து சேர்ந்ததும் இந்தப் புரோ-யு வாசல் வழியாகத்தான்.

இப்போது 1068இல் ஒரு காலை வேளையைக் கற்பனை செய்துபார்க்கலாம்; கற்பனைதான், கல்வெட்டில் தேடாதீர்கள். ஏழாம் படுக்கைக்காரருக்கு அசுவத்தாம பட்டன் கல்யாண லவணம் கொடுக்கிறார். உள்ளே 'உப்பு! உப்பு!' என்று கூக்குரல், புரோ-யு விழிக்கிறது. அடுத்து தசமூல ஹரீதகி. பட்டைச் சரக்கு வாசலில் நிற்கிறது, பெட்டி பூட்டியிருக்கிறது. எங்கோ ஒரு மூலையில் ஒரு நாடோடித் துண்டு இடறி விழுந்து ஒரே ஒரு செல்லுக்கு மட்டும் யோகம் அடிக்கிறது. பிறகு நோயாளிக்குக் கஞ்சி வருகிறது. பசி தீர்ந்த சிஆர்பி ஓலையைக் கீழே வைத்துவிட்டுப் போய்விடுகிறார். வைத்தியர் நாடியைப் பிடித்துக்கொண்டு கபம் தணிந்தது என்கிறார். இருவரும் தத்தம் கணக்கில் சரியே.

இதைப் படித்துவிட்டு 'சோழர் காலத்திலேயே மரபணுப் பொறியியல்' என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எனக்குச் சம்பந்தமில்லை. அசுவத்தாம பட்டனுக்கு பாக்டீரியா தெரியாது. தெரியாமலே 15 பேருக்கு விளக்கும் தண்ணீரும் கஞ்சியும் ஆள்துணையும் ஒழுங்காகக் கிடைக்க ஓர் ஏற்பாடு இருந்தது. அதைப் பாராட்ட மரபணுவைத் துணைக்கு அழைக்க வேண்டியதில்லை.

பூட்டிய பெட்டியை ஈ. கோலை ஏன் இத்தனை யுகமாகத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறது? பயனில்லாத மரபணு சிதைந்து போயிருக்க வேண்டும். பெங்களூருவில் இதற்கு ருசியான பதில்கள் வந்தன. 2005இல் மகாதேவன் குழு காட்டியது: சாப்பாடு தீர்ந்து எல்லோரும் வாடிக் கிடக்கும் காலத்தில், பிஜிஎல் திறந்த பாக்டீரியாக்கள் மற்றவற்றைத் தள்ளிவிட்டு நிற்கின்றன. அங்கே சாலிசின் ஒரு துளியும் இல்லை! சர்க்கரைத் துறை அதிகாரிக்குச் சர்க்கரை இல்லாத ஊரில் என்ன வேலை? 2012இல் ஒரு விடை: பிஜிஎல் தொகுதியின் கை, சிறு புரதத் துண்டுகளை உள்ளே இழுக்கும் வேறொரு துறைவரை நீள்கிறது. பஞ்ச காலத்தில் செத்தவற்றின் மிச்சத்தைப் பொறுக்க அது உதவும். 2013இல் இன்னொன்று: சாலிசினை உடைத்தால் மிஞ்சும் சாலிஜெனின் பாக்டீரியாவைத் தின்ன வரும் அமீபாவுக்கும் நூற்புழுவுக்கும் விஷம். சர்க்கரையைத் தான் தின்றுவிட்டு, வாலை எதிரியின் வாயில் திணிக்கிறது. கூடல்சங்கமத்தில் பொம்மை செய்து ஆறுதல் அடைந்தவருக்கு இந்த உத்தி தெரிந்திருந்தால் மெய்க்கீர்த்தி இன்னும் நீண்டிருக்கும்.

ஆக, பாக்டீரியாவில் ராஜா கிடையாது. 300 அதிகாரிகள், ஒருவர் ஓலையில் மற்றவர் கை. கல்வெட்டு முழுக்க வீரராஜேந்திரர் பெயர்தான். ஆனால் நோயாளிக்குக் கஞ்சி வந்தது ஓலை எழுதியவனும் விறகு சுமந்தவனும் அன்று வேலைக்கு வந்ததால்.

கல்வெட்டைப் பார்க்க விரும்புகிறவர்கள் வாலாஜாபாத் பக்கமிருந்து பழையசீவரம் போய் ஆற்றைக் கடந்தால் அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோவில். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பொங்கலை ஒட்டிய பார்வேட்டையின்போது போனால் காஞ்சி வரதரும் வந்திருப்பார், கூட்டம் தாங்காது. வேறு நாளில் போனால் சுவரை நிதானமாகப் படிக்கலாம். குடிதண்ணீரை மட்டும் வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். வேகவதியில் காஞ்சிபுரத்துச் சாக்கடை கலக்கிறது, ஈ. கோலைக்கு அங்கே ஆள் பஞ்சமில்லை, அசுவத்தாம பட்டனும் இப்போது பணியில் இல்லை.